கொல்லாமல் சுடும் துப்பாக்கி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வாடிப்பட்டி வாசகர் ஒருவருக்குப் பதில் எழுதியபோது, அறிவியல் கதைகளில் வரும் கதிர்த் துப்பாக்கியில் 'மயக்கம்', 'மரணம்' என்று இரண்டு நிலைகள் இருப்பதை நான் நம்புவதில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டன. பாதிப் பேர் கோபமாகவும் மீதிப் பேர் மிகுந்த கோபமாகவும் எழுதியிருப்பதால், இந்த மாதப் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருமங்கலம்): ஐயா, 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் ஃபேசர் என்ற ஒரே கைத்துப்பாக்கி ஒரு நிலையில் ஆளை மயங்க வைக்கிறது, அடுத்த நிலையில் கொல்கிறது, அதற்கும் மேலே வைத்தால் ஆளே இல்லாமல் செய்துவிடுகிறது. மின்விசிறிக்கு ரெகுலேட்டர் இருப்பதுபோல இதற்கும் ஒன்று இருக்கக் கூடாதா? எதனால் நம்ப மறுக்கிறீர்கள்?

பதில்: உங்கள் ரெகுலேட்டரையே எடுத்துக்கொள்கிறேன். என் தலைக்கு மேலே ஓடும் விசிறியின் ரெகுலேட்டரில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் இருக்கின்றன. ஒன்றில் வைத்தால் உங்கள் கடிதம் லேசாக அசைகிறது, ஐந்தில் வைத்தால் எழுந்து பறக்கிறது. எந்த எண்ணில் வைத்தாலும் நடப்பது காற்று வீசுவது என்ற ஒரே செயல்தான். மயங்குவதும் சாவதும் ஆவியாவதும் அப்படி ஒரே செயலின் கூடுதல் குறைவுகள் அல்ல. மூன்றும் மூன்று வெவ்வேறு காரியங்கள் என்பதே என் வழக்கு.

கடைசி நிலையிலிருந்து தொடங்குவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 42 கிலோ தண்ணீர் இருக்கிறது. எலும்பையும் மற்றவற்றையும் மறந்துவிட்டு அந்தத் தண்ணீரை மட்டும் 37 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோய் முழுவதும் ஆவியாக்குவதற்கே 10 கோடி ஜூலுக்குச் சற்று மேலான ஆற்றல் வேண்டும். மின்வாரியக் கணக்கில் சொன்னால் அது 29 யூனிட்; இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் சிக்கனமாகக் குடித்தனம் நடத்தும் வீட்டுக்கு அது 17 நாள் மின்சாரம். அதை ஒரே வினாடியில் செலுத்த வேண்டுமென்றால், தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகு ஒன்றில் பாதியைக் கைப்பிடிக்குள் அடக்கியாக வேண்டும். சரி, எதிர்காலத்தில் அடக்கிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மறைந்துபோன மனிதர் எங்கே போகிறார்? பத்துக்குப் பத்து அறைகள் இரண்டரையை நிரப்பும் கொதிநீராவியாக அங்கேயே நிற்கிறார். இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறக்கும்போது அடிக்கும் ஆவிக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். விண்கப்பலின் குறுகிய நடைவழியில் நின்று சுட்ட கதாநாயகன் மட்டும் தலைமுடிகூடக் கலையாமல் அடுத்த காட்சிக்குப் போகிறான்.

இப்போது முதல் நிலைக்கு வாருங்கள். இன்று பல நாட்டுக் காவல்துறைகளிடம் இருக்கும் டேசர் கருவி, பரவலாகப் பயன்பட்ட ஒரு மாதிரியின்படி, ஒரு வினாடிக்கு 19 துடிப்பு வீதம் 5 வினாடி மின்துடிப்புகளை அனுப்பி ஆளைக் கீழே விழ வைக்கிறது. அந்த 5 வினாடியிலும் உடலுக்குள் போகும் ஆற்றலைக் கூட்டினால் 10 ஜூலுக்குள்தான் வரும். ஆக, உங்கள் ரெகுலேட்டரின் கீழ் எண்ணுக்கும் மேல் எண்ணுக்கும் இடையில் ஒரு கோடி மடங்கு தூரம் இருக்கிறது. ஒரே திருகில் அகல்விளக்கையும் அனல்மின் நிலையத்தையும் அடக்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவே விரல் வழுக்காது என்று நம்பச் சொல்கிறார்கள்.

இதைவிட முக்கியமான தடை ஒன்று உண்டு. உயிர் போவதும் போகாததும் ஆற்றலின் அளவை மட்டும் பொறுத்ததே அல்ல. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தில் 100 ஜூலுக்குச் சற்று மேலான ஆற்றல் இருக்கிறது. அது தொடையில் பட்டால் ஐஸ்கட்டி வைத்துக்கொண்டு மறுநாள் ஆட வந்துவிடலாம். அதைவிட மெதுவாக வந்த பந்து, இதயத்துக்கு நேரே நெஞ்சில், அதுவும் இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடித்துகளில் பட்டதால், எலும்பு முறியாமல் காயம் ஏதும் இல்லாமல் இதயம் தாளம் தப்பி இளைஞர்கள் இறந்திருக்கிறார்கள். மருத்துவ இலக்கியத்தில் இதற்குத் தனிப் பெயரே உண்டு. மறுபக்கம், தாளம் தப்பிய இதயத்தை மீட்க மருத்துவர்கள் நெஞ்சின் மேல் கொடுக்கும் மின்னதிர்ச்சி 150 முதல் 360 ஜூல் வரை போகிறது. குறைந்த ஆற்றல் கொன்ற இடத்தில் கூடிய ஆற்றல் உயிர் கொடுக்கிறது என்றால், ரெகுலேட்டரில் எந்த எண்ணுக்கு எதிரே 'மரணம்' என்று எழுதுவீர்கள்?

சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது சோழவந்தான் பக்கத்தில் எங்கள் தாத்தாவின் வயலில் மோட்டார் அறை ஒன்று இருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியின் இரும்பு மூடியில் கசிவு இருந்தது எல்லோருக்கும் தெரியும். காய்ந்த செருப்போடு பலகைமேல் நின்று தொட்டால் எறும்பு ஊர்வதுபோலச் சுள்ளென்று இருக்கும். நாங்கள் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தோம். ஒரு நாள் வாய்க்காலில் இறங்கி ஏறிய வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று அதே மூடியைத் தொட்டேன். கை விரிய மறுத்தது, வாய் திறந்தும் குரல் எழவில்லை. என் மாமா மண்வெட்டிப் பிடியால் மணிக்கட்டில் ஓங்கி அடித்துப் பிரித்துவிட்டார். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மூடியில் மின்னழுத்தம் மாறவில்லை. காய்ந்த தோலும் செருப்பும் சேர்ந்து கொடுத்த தடையில் 4 அல்லது 5 மில்லி ஆம்பியர் பாய்ந்த இடத்தில், ஈரக் கால் அதைப் பல மடங்காக்கிவிட்டது. 100 மில்லி ஆம்பியர் இதயத்தின் வழியே போனால் ஆள் பிழைப்பது அரிது. வீடுகளில் பொருத்தும் கசிவு தடுப்பான் 30 மில்லி ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டிப்பது அதனால்தான். அன்றைக்கு 'மயக்கம்', 'மரணம்' என்ற பொத்தான் பெட்டியில் இல்லை, என் பாதத்தில் இருந்தது.

கேள்வி (ஜவுளிக் கடை ஊழியர், உசிலம்பட்டி): இந்த யோசனையை முதலில் கதையில் கொண்டுவந்தவர் யார்?

பதில்: முதல் என்ற பட்டத்தை யாருக்கும் கட்டத் துணிய மாட்டேன், ஆனால் வழித்தடத்தைக் காட்ட முடியும். 1898-இல் நூலாக வந்த எச்.ஜி. வெல்ஸின் 'உலகங்களின் போர்' நாவலில் செவ்வாய்வாசிகள் வெப்பக் கதிரை வீசினார்கள். அதில் இரக்கத்துக்கென்று எந்தப் பொத்தானும் இல்லை. பட்டால் எரிய வேண்டியதுதான். 1911-இல் அமெரிக்கச் சிறுவர்களுக்காக வெளிவந்த டாம் ஸ்விஃப்ட் கதை வரிசையில் ஒரு மின்சாரத் துப்பாக்கி வருகிறது. அதன் வீச்சையும் வலுவையும் ஆளுக்கும் விலங்குக்கும் தக்கபடி கூட்டிக் குறைக்கலாம் என்று கதையிலேயே சொல்லப்பட்டிருந்தது. அப்பல்லோ விண்வெளித் திட்டத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜாக் கவர், 1970-களில் கம்பியோடு பாயும் மின்கருவி ஒன்றைச் செய்தபோது, சிறுவயதில் படித்த அந்தத் துப்பாக்கியின் நினைவாக 'தாமஸ் ஏ. ஸ்விஃப்ட்ஸ் எலெக்ட்ரிக் ரைஃபிள்' என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு டேசர் என்று பெயர் வைத்தார். கதையில் அந்தப் பையனுக்கு நடுப்பெயரே கிடையாது. சொல் வாயில் நுழைவதற்காக 'ஏ'யை அவராகச் சேர்த்துக்கொண்டார். நம் ஊரில் ராசிக்காகப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்கிறவர்களை இனிமேல் கேலி செய்ய மாட்டேன்.

'மயக்கத்தில் வை' என்ற கட்டளையை உலகத்தின் காதில் போட்டது 1966 செப்டம்பரில் ஒளிபரப்பாகத் தொடங்கிய ஸ்டார் டிரெக். அதன் வெள்ளோட்டப் படத்தில் துப்பாக்கிக்கு லேசர் என்றுதான் பெயர். லேசர் அப்போதுதான் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருந்தது. 'லேசரால் இதெல்லாம் ஆகாதே' என்று பின்னால் யாராவது கேட்பார்கள் என்று அஞ்சிய தயாரிப்பாளர்கள், யாருக்கும் பொருள் தெரியாத ஃபேசர் என்ற சொல்லுக்கு மாறிக்கொண்டார்கள். கேள்வி வருமுன்பே பதிலை ஒளித்துவைத்த அந்தச் சாமர்த்தியத்துக்கு ஒரு வணக்கம்.

கேள்வி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மேலூர்): 1911, 1966 என்றெல்லாம் எழுதப்போகிறீர்கள் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். விராட பருவத்தில் அருச்சுனன் விட்ட சம்மோகன அத்திரம் என்னவாம்?

பதில்: ஐயா, முன்கூட்டியே காதைத் திருகிவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். விராடனின் பசுக்களைக் கவர வந்த கௌரவப் படை முழுவதையும் அருச்சுனன் அந்த அத்திரத்தால் நினைவிழக்கச் செய்கிறான். பேடியுருவில் தேரோட்டியாக வந்த அவனைக் கண்டு வியந்து நிற்கும் விராடன் மகன் உத்தரன் இறங்கிப் போய், கிடக்கும் வீரர்களின் மேலாடைகளை அரண்மனைப் பெண்களுக்காக உருவிக்கொண்டு வருகிறான். போரில் மயக்கத்தின் பயன் அவமானம்தான் என்பதை இதைவிட அழகாக எந்த விண்கப்பல் கதையும் சொல்லவில்லை. நான் மெச்சுவது வேறொரு நுட்பத்தை. பீஷ்மர் மயங்கவில்லை, அவருக்கு மாற்று தெரியும் என்று அருச்சுனனே உத்தரனை எச்சரித்து, அவர் பக்கம் போகாதே என்கிறான். ஒரே கணை எல்லா உடலிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது என்பது அந்தக் கவிக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டைத் தாங்களும் ஒப்புக்கொள்வீர்கள். நம் இதிகாசங்களில் மயக்க ஓர் அத்திரம், கட்ட நாகபாசம், எரிக்க அக்கினி அத்திரம் என்று காரியத்துக்கொரு கணை உண்டு. ஒரே கணையைத் திருகி மூன்றாக்கும் வழக்கம் இல்லை. அந்த வகையில் இதிகாசம்தான் இயற்பியலுக்கு நெருக்கமாக நிற்கிறது.

நம் வட்டாரத்தின் வளைந்த எறிகருவியான வளரியை இங்கே சொல்லாமல் விட்டால் மதுரை, சிவகங்கை வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். சின்ன மருதுவிடமிருந்தே வளரி வீசக் கற்றுக்கொண்டதாகவும், தேர்ந்த கையில் அது நூறு கஜத்துக்குள் குறி தவறாது என்றும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். கழுத்தைப் பார்த்து வீசினால் ஒன்று, ஓடுகிறவரின் காலைப் பார்த்து வீசினால் வேறொன்று. அளவு கருவியில் இல்லை, வீசுகிறவரின் மணிக்கட்டில் இருந்தது. தெற்கே குமரிப் பக்கத்து வர்ம நூல்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அளவை எதிராளியின் உடம்பிலேயே வைத்தன: அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அதைவிடக் கடுமை குறைந்த தொடுவர்மம் 96 என்று இடம் குறித்ததோடு, வீழ்ந்தவரை எழுப்பும் இளக்குமுறையையும் அதே பாடத்தில் சேர்த்தன. எழுப்பத் தெரிந்தவன் கையில்தான் வீழ்த்தும் வித்தை இருக்கலாம் என்ற இந்த ஏற்பாடு எந்தக் கதிர்த் துப்பாக்கியோடும் வருவதில்லை.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவன், செல்லூர்): 'ஸ்டார்கேட்' தொடரில் பாம்பு மாதிரித் துப்பாக்கி ஒன்று வருகிறதே, அது நல்லதா, ஃபேசர் நல்லதா?

பதில்: தம்பி, அந்தத் துப்பாக்கியில் திருகே கிடையாது, ஒரு முறை சுட்டால் மயக்கம், அதே ஆளை மீண்டும் சுட்டால் மரணம், மூன்றாம் முறை சுட்டால் உடலே மறையும். இரண்டாவது வரை எனக்குப் பிடிக்கும். ஏற்கெனவே அடிபட்ட உடல் அடுத்த அடியைத் தாங்காது என்பது உண்மைக்கு அருகில் இருக்கிறது. சுடுகிறவனும் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவன் முன்பே ஒரு முறை சுட்டுவிட்டது தெரியாமல் நீ 'மயக்கமாக' ஒரு முறை சுட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். மூன்றாவது சங்கதியைத் தொடரை எடுத்தவர்களே பின்னாளில் கைவிட்டுவிட்டார்கள்.

கேள்வி (செவிலியர், மதுரை): நான் அறுவை அரங்கில் மயக்க மருத்துவருக்கு உதவியாக நிற்பவள். ஒருவரை மயக்கத்தில் வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூச்சையும் இதயத் துடிப்பையும் பார்த்துக்கொண்டே இருப்போம். கதைகளில் சுட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுகிறார்கள். பத்து நிமிடத்தில் அவர்களும் தலையைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். எனக்குச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கிறது.

பதில்: அம்மா, இந்த மாதம் வந்தவற்றில் இதுதான் சிறந்த கடிதம். மயக்க நிலை என்ற கற்பனையின் ஆணிவேரையே பிடித்துவிட்டீர்கள்.

மயக்கம் என்பது உறக்கம் அல்ல; உயிருக்கும் சாவுக்கும் நடுவே ஒருவரைக் கயிற்றில் நிறுத்திவைப்பது. குளோரோஃபாம் மயக்கத்தை 1847-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் அறிமுகப்படுத்தினார். சில வாரங்களில், 1848 சனவரியில், கால் விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காக அதை முகர்ந்த ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் இறந்துபோனாள். கத்தி பட்டது கால் விரலில். உயிரைக் கொண்டுபோனது மயக்கம். மயங்க வைக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே உள்ள இடைவெளி மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதால்தான் அறுவைக்கு முன் உங்கள் மருத்துவர் எடை, வயது, ஆஸ்துமா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார். விண்கப்பல் கேப்டன் எதையும் கேட்பதில்லை. தடித்த காவலாளிக்கும் ஒல்லியான கிழவருக்கும் ஒரே நிலைதான்.

ஒரு கூட்டத்தையே இப்படி மயக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கற்பனை செய்யத் தேவையில்லை. 2002 அக்டோபரில் மாஸ்கோ நாடக அரங்கு ஒன்றில் நூற்றுக்கணக்கானோர் பிணையாக வைக்கப்பட்டிருந்தபோது, ரஷ்யப் படைகள் காற்றோட்டக் குழாய் வழியே அபின் வகையைச் சேர்ந்த ஒரு மயக்கப் பொருளைச் செலுத்தின. பிடித்துவைத்தவர்களும் மயங்கினார்கள், பிணைக் கைதிகளும் மயங்கினார்கள். கைதிகளில் சுமார் 130 பேர் எழுந்திருக்கவே இல்லை. மயங்கியவர்களை மல்லாக்கக் கிடத்தியதில் நாக்கு சரிந்து மூச்சடைத்தவர்களும் அவர்களுள் உண்டு. பக்கவாட்டில் திருப்பிப் போட ஆளுக்கொரு கை இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். அந்தக் கைதான் உங்கள் வேலை. கதைகளில் அதற்குப் பாத்திரமே எழுதுவதில்லை.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் இருக்கிறது. 2023 மே மாதக் கடைசியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள் வந்து தெருத் தெருவாக ஓடியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். ஒரு வாரத்துக்கும் மேலாக வனத்துறை அதைச் சுடாமல் காத்திருந்தது. கம்பம் தெருவில் வைத்து மயக்க ஊசியைச் சுட்டிருந்தால், மருந்து ஏறுவதற்கு ஆகும் நிமிடங்களில் மிரண்ட யானை எந்த வீட்டுக்குள் நுழைந்திருக்கும்? பள்ளத்திலோ தண்ணீரிலோ சரிந்தால் அதன் எடையே அதன் நுரையீரலை நசுக்கிவிடும். கால்நடை மருத்துவர்கள் எடையைக் கண்ணளவில் கணித்து, யானை விழாமல் நின்றபடியே தள்ளாடும் அளவுக்கு மட்டும் மருந்தைக் கட்டி, சூன் 5 விடியற்காலையில் இடமும் நேரமும் தோதாக அமைந்த பிறகே சுட்டார்கள். கும்கி யானைகள் இருபுறமும் அணைத்து லாரியில் ஏற்ற, அது களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டுபோய் விடப்பட்டது. ஓர் உடலை மயக்குவதற்கு ஒரு படையே வேண்டியிருந்தது.

ஸ்டார் டிரெக்கின் 1968-ஆம் ஆண்டுப் பகுதி ஒன்றில், வானத்தில் சுற்றும் கப்பலிலிருந்து ஒரு முழுத் தெருவையே மயக்க நிலையில் சுட்டுப் படுக்க வைப்பார்கள். அது வேடிக்கைக் காட்சியாகவே எடுக்கப்பட்டிருக்கும். மாலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தின் மேல் அப்படிச் சுட்டதாக எண்ணிப் பாருங்கள். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் குனிந்து நிற்கும் பஜ்ஜி மாஸ்டர் எந்தப் பக்கம் சாய்வார்? பின்பக்கமாக எடுத்துக்கொண்டிருக்கும் பேருந்தின் ஓட்டுநர் கால் எந்த மிதியின் மேல் இருக்கும்? துப்பாக்கி யாரையும் கொல்லவில்லை என்று கேப்டன் தம் நாட்குறிப்பில் எழுதிக்கொள்வார். அதே தொடரைச் சேர்ந்த 1991-ஆம் ஆண்டுத் திரைப்படம் மட்டும் நேர்மையாக ஓர் இடத்தைத் தொட்டது: மிக அருகில் வைத்துச் சுட்டால் மயக்க நிலையும் கொல்லும் என்பது அதில் ஒரு கொலைத் துப்பாகவே வருகிறது.

கேள்வி (வழக்கறிஞர், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை): நிஜ உலகில் ஆற்றல் ஆயுதங்களுக்கு இப்படி 'கொல்லாத' நிலை உண்டா? சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது?

பதில்: துறை சார்ந்தவர்கள் பலர் 'உயிர் கவராத' என்ற சொல்லையே கவனமாகத் தவிர்த்து 'உயிராபத்து குறைந்த' என்கிறார்கள், அடைமொழியில் உள்ள இந்தக் குறுக்கு விசாரணை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்க இராணுவம் 2001-இல் வெளியே சொன்ன ஒரு கருவி, 95 கிகாஹெர்ட்ஸ் மின்காந்த அலையைக் கற்றையாக வீசுகிறது. அது தோலுக்குள் அரை மில்லிமீட்டர்கூடப் போகாமல் மேற்பரப்பை மட்டும் சூடாக்க, பட்டவர் அடுப்பைத் திறந்ததுபோல உணர்ந்து விலகி ஓடிவிடுகிறார். விலகி ஓட வழி இருக்கும்வரைதான் அது பாதுகாப்பானது. 2007-இல் சோதனையின்போது படைவீரர் ஒருவருக்கு இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்பட்டது. 2010-இல் ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுபோனார்கள், ஒரு முறைகூடப் பயன்படுத்தாமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். டேசரைக் கம்பியில்லாமல் செய்ய, லேசரால் காற்றை மின்கடத்தும் பாதையாக மாற்றி அதன் வழியே மின்சாரத்தை அனுப்பும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. காற்றில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டவே ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும் என்பதால் அது எளிய வேலை அல்ல.

சட்டத்தைப் பொறுத்தவரை, நீங்கள் பார்க்க வேண்டியது 1995-இல் வியன்னாவில் ஏற்கப்பட்டு 1998-இல் நடைமுறைக்கு வந்த நெறிமுறை: நிரந்தரமாகப் பார்வையைப் பறிப்பதற்கென்றே வடிவமைத்த லேசர் ஆயுதங்களை அது தடை செய்கிறது. வேடிக்கை பாருங்கள், அந்த லேசர் யாரையும் கொல்லாது. கொல்லாது என்பது ஒன்றே போதுமானால் அதற்குத் தடை வந்திருக்க வேண்டியதில்லை. தற்காலிகமாகக் கண்ணைக் கூச வைக்கும் லேசருக்குத் தடை இல்லை. கூச வைப்பதற்கும் குருடாக்குவதற்கும் நடுவே இருப்பது தூரமும் நேரமும் மட்டுமே. மறுபடியும் அதே ரெகுலேட்டர்தான், இந்த முறை ஒப்பந்தத்துக்குள் மாட்டியிருக்கிறது.

கேள்வி (வங்கி ஊழியர், அலங்காநல்லூர்): சுடுவதற்கு முன் 'மயக்கத்தில் வையுங்கள்' என்று ஏன் உரக்கச் சொல்கிறார்கள்? எதிரிக்கும் கேட்குமே!

பதில்: எதிரிக்கு அல்ல, உங்களுக்குச் சொல்கிறார்கள். இவர்கள் நல்லவர்கள் என்று பார்வையாளர் நெஞ்சில் பதிய வேண்டும் அல்லவா? ஆனால் எதிரிக்கே கேட்கும்படி சொல்லும் மரபும் நமக்குப் புதிதல்ல. பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் புதல்வரைப் பெறாதோரும் கேட்கும்படி 'எம் அம்பு கடிவிடுதும் நும் அரண் சேர்மின்' (அம்புகளை விரைந்து விடப்போகிறோம், உங்கள் அரணுக்குப் போய்ச் சேருங்கள்) என்று முன்னறிவித்துப் போரிட்டவன் என்று பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடுகிறார் (புறநானூறு 9). அம்பின் வேகத்தைக் குறைக்க அவன் முயலவில்லை. அம்பு படும் இடத்திலிருந்து ஆட்களை விலக்கினான்.

கேள்வி (முத்து காமிக்ஸ் வாசகர், விருதுநகர்): இரும்புக்கை மாயாவியை எந்தக் கதிர்த் துப்பாக்கி மயக்கும்?

பதில்: 1972-இல் சிவகாசியிலிருந்து அவரை நமக்கு அறிமுகப்படுத்திய நாள் முதல், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரிபவர் அவர். டேசரால் சுட்டால் நன்றி சொல்லிவிட்டு மறைந்துபோவார்.

கேள்வி (எழுத முயலும் இளைஞர், ஒத்தக்கடை): நான் மதுரையில் நடக்கும் அறிவியல் புனைகதை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் அத்தியாயத்தில், தப்பி ஓடும் தரவுத் திருடனைக் காவலர் ஒருவர் ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேல் மயக்க நிலையில் சுடுகிறார். 'ஸ்டன்' என்பதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது? இந்தத் துப்பாக்கியையே கதையிலிருந்து எடுத்துவிட வேண்டுமா?

பதில்: எடுக்க வேண்டாம். நான் நம்பாததெல்லாம் கதையில் இருக்கக் கூடாது என்றால் நான் படிக்க எதுவும் மிஞ்சாது.

சொல்லைப் பொறுத்தவரை 'மயக்கம்' வசதியானது, ஆனால் வழுக்கக்கூடியது. தலைசுற்றலும் மயக்கம், அறுவை அரங்கில் நடப்பதும் மயக்கம், காதலும் மயக்கம், டாஸ்மாக்கிலிருந்து வருவதும் மயக்கம். தொல்காப்பியத்தில் எழுத்துகள்கூட மயங்குகின்றன. உங்கள் துப்பாக்கி நரம்பைப் பிடித்து உடலை விறைக்க வைக்கிறதா, நினைவைப் பறிக்கிறதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விறைக்க வைத்தால் 'முடக்கு நிலை' என்று எழுதுங்கள். விழுந்தவனுக்கு எல்லாம் கேட்கும், எதுவும் செய்ய முடியாது. நினைவைப் பறித்தால் 'மயக்கு நிலை' என்றே இருக்கட்டும், ஆனால் மூச்சைப் பார்க்க ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். காவலர் பொத்தானைத் தள்ளியதும் தம் மனச்சாட்சிக்கும் விடுப்புக் கொடுத்துவிடுகிறாரா, அல்லது ஓடிவந்து மண்டியிட்டு அவனைப் பக்கவாட்டில் திருப்பிப் போடுகிறாரா என்பதிலேயே அவர் யார் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும். அதற்குத் தனியாக ஒரு பத்தி எழுதத் தேவையிருக்காது.

இன்னும் ஒன்று. நீங்கள் அனுப்பிய பக்கங்களில், சுடப்பட்டவன் கைப்பிடிச் சுவரின் மேல் சரிந்து ஆற்றுக்குள் விழுகிறான், அத்தோடு அத்தியாயம் முடிகிறது. மாதத்தை எங்குமே குறிப்பிடவில்லை. அன்றைக்கு வைகையில் தண்ணீர் ஓடியதா, வெறும் மணலா என்பதை இரண்டாம் அத்தியாயத்துக்கு முன்னால் முடிவு செய்துகொள்ளுங்கள்.